மரியாதைச் சண்டை

2005 ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையைச் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் அப்போது மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பத்து ரூமில் ஒன்பது காலி. பட்டறைகளில் உளிச் சத்தம் ஓய்ந்துபோய்த் தெருவே ஊமையாகக் கிடந்தது. அந்த மழையில்தான் ஆர்மோனிய மாமா என்னிடம் வந்து சேர்ந்தார். மகள் வீட்டுக்கு வந்தவர். அந்த வீட்டுக் கூரை ஒழுகியது, எனக்கு ஒன்பது ரூம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

கையில் ஒரு மஞ்சப்பை. அதில் வேட்டி, துண்டு, வெற்றிலைப் பெட்டி. வயது எழுபத்தாறோ ஏழோ.

"பொட்டி எங்க மாமா?"

"மழையில அது இன்னாத்துக்கு? ரீடு துருப்பிடிச்சிக்கும்."

ராத்திரி ஏழு மணிக்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் தை மாசம் வந்து தங்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா, ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் கனம் குறைய நாலைந்து படத் தட்டுகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். ரிட்டையர் ஆன டீச்சர். அப்படி விட்டுப்போனதில் ஒன்று 'டாப்ஸி டர்வி'. தலைகீழ், தாறுமாறு என்று பொருள். நான் ஒருமுறை போட்டுவிட்டுப் பாதியில் தூங்கியிருக்கிறேன். அன்றைக்கு வேறு எதுவும் இல்லாததால் அதையே எடுத்தேன்.

"இன்னா படம் இது?"

"லண்டன்ல நாடகம் போட்ட ரெண்டு பேர் கதை மாமா. ஒருத்தர் எழுதறவரு, ஒருத்தர் மெட்டுப் போடறவரு."

"அப்ப வாத்தியாரும் ஆர்மோனியமும்."

"அப்படித்தான்."

"போடு."

மைக் லீ 1999இல் எடுத்த படம். கில்பர்ட், சல்லிவன் என்ற இரட்டையரின் கதை. 1871 தொடங்கி 25 வருஷத்தில் பதினாலு இசை நாடகம் சேர்ந்து செய்தவர்கள். படம் அந்த 25 வருஷத்தையும் சொல்வதில்லை. 1884இல் ஒரு நாடகம் சுமாராகப் போகிறது, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் முட்டிக்கொள்கிறார்கள், கடைசியில் 1885 மார்ச்சில் 'மிகாடோ' மேடை ஏறுகிறது. இவ்வளவுதான் கதை. அந்த மிகாடோ 672 தடவை நடந்தது என்பது படத்துக்கு வெளியே உள்ள கணக்கு.

மாமாவுக்கு இங்கிலீஷில் 'டீ', 'பஸ்ஸு', 'மைக்' தவிர எதுவும் தெரியாது. எனக்கும் அந்தப் படத்தின் இங்கிலீஷ் பாதிக்குப் பாதி பிடிபடவில்லை. லாட்ஜு வாசலில் பேசும் இங்கிலீஷ் வேறு, அது வேறு. ஆகவே நான் மொழிபெயர்க்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அரைமணி ஓடியிருக்கும். ஒரு வீட்டுக் கூடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற காட்சி. மீசைக்காரரான கில்பர்ட் புதுக்கதை ஒன்றைச் சொல்கிறார். ஏதோ மந்திர மருந்தைத் தின்றால் ஆளே மாறிப்போகிற கதை. சல்லிவன் தலையை ஆட்டிக் கேட்கிறார். குரல் உயரவில்லை. யாரும் எழுந்து போகவில்லை.

மாமா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "சண்டை போட்டுக்கறானுங்க."

"எப்படித் தெரியுது?"

"மரியாதையா பேசறானுங்க பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். பெரியப்பா கூத்து வாத்தியார். மாமா ஆர்மோனியம். மாமா என்றால் உறவில்லை; வேறு தெரு, வேறு ஆட்கள். ஜமாவில் பதினைந்து பேர் இருந்தாலும் ஊர்க்காரர்கள் தாம்பூலம் கொடுக்க வரும்போது இந்த இரண்டு பெயரைத்தான் கேட்பார்கள். தையில் தொடங்கி ஆடி வரைக்கும் ஓயாது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் ஏறினால் பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஒரே ஊரில் தங்க வேண்டியிருக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. ராத்திரி பத்துக்குக் களரி கட்டினால் விடிந்து மாடு அவிழ்க்கும் நேரத்தில்தான் அரிதாரம் கலைப்பார்கள்.

சாதாரண நாட்களில் இருவருக்கும் 'டேய்'தான். "டேய், சுதியை ஏத்துடா", "போடா, உன் தொண்டைக்கு நாலு கட்டையே எட்டல, அஞ்சு கேக்குதா" என்று சந்தைக்கடை மாதிரி இருக்கும். யாராவது புது ஆள் பார்த்தால் இப்போது அடிதடி நடக்கப்போகிறது என்றே நினைப்பார். அதெல்லாம் ஒன்றுமில்லை, அது ஒத்திகை. நிஜமாகவே மனஸ்தாபம் வந்துவிட்டால்தான் 'நீங்க' வரும். "நீங்க வாசிங்க. உங்களுக்குத் தெரியாததா." வேன் முழுக்க அடங்கிப்போகும். மிருதங்கக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். கட்டியங்காரன் வேஷம் போடுகிறவர்கூட வாயைத் திறக்க மாட்டார்.

இன்னும் முற்றினால் 'நீங்க'கூட நின்றுவிடும். அப்போது நான் தேவைப்படுவேன். எட்டு வயதிலிருந்து எனக்கு அந்த உத்தியோகம். நாலடி இடைவெளியில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். பெரியப்பா என்னைப் பார்த்து, "இன்னிக்குத் திரைப்பாட்டு எந்த ராகத்துல எடுக்கறாருன்னு கேளு" என்பார். நான் திரும்பி மாமாவைப் பார்ப்பேன். கேட்க வேண்டியதே இல்லை, அவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் கேட்டாக வேண்டும். "மோகனம்னு சொல்லு" என்பார். நான் மறுபடியும் திரும்புவேன். கழுத்து வலிக்கும். ஒரு சீசனுக்கு இரண்டு தடவையாவது இப்படி ஆகும்.

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பாட்டா, வசனமா?

பெரியப்பா மூன்றாம் வகுப்பு. ஆனால் செங்கல்பட்டு நூலகத்தில் கெஞ்சிக் கூத்தாடிப் பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' வாங்கிவந்து, நாலு மாசம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்து படித்தவர். பம்மல் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா. இப்போது பிரித்த செங்கல்பட்டு மாவட்டத்திலும் அது வந்துவிட்டது. "நம்ம ஜில்லாக்காரரு" என்பதில் பெரியப்பாவுக்கு ஏக பெருமை. சம்பந்தம் சின்ன வயதில் தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவராம். பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் குழு சென்னைக்கு வந்து தெலுங்கில் நடித்ததைப் பார்த்து, படித்தவர்களும் கௌரவமாக மேடை ஏறலாம் என்று தோன்றி, 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். லண்டனில் மிகாடோ வந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. இங்கே விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கென்று கட்டிய விக்டோரியா பப்ளிக் ஹால், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இன்னும் சிவப்பாக நிற்கிறதே, அதில்தான் அந்தச் சபை பல வருஷம் நாடகம் போட்டது.

ராத்திரி முழுக்கப் பாட்டாகவே ஓடிய தமிழ் நாடகத்தில் வசனத்தை நிமிர்த்தி வைத்தவர் சம்பந்தம். 'மனோகரா' அவருடையது, 1954இல் சிவாஜி பேசியது கலைஞர் வசனம் என்றாலும் கதை பம்மல்காரர் கொடுத்தது. 'சபாபதி' அவருடையது. 'ஹாம்லெட்'டை 'அமலாதித்தன்' ஆக்கியவரும் அவரே. பெரியப்பாவுக்கு இதில் பிடித்த சங்கதி வேறு. சம்பந்தத்துக்கு ஒரு ரங்கவடிவேலு இருந்தார். இவர் கதாநாயகன் என்றால் அவர் ஸ்திரீ பார்ட். அவரை மனசில் வைத்தே இவர் நாயகி வேஷங்களை எழுதினார். அந்த நினைவுப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் ரங்கவடிவேலுதான் வருவார். நண்பர் முந்திக்கொண்டு போய்விட்ட துக்கம் எழுத்தில் கடைசிவரை ஆறவில்லை. பெரியப்பா அந்தப் பக்கங்களை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். மாமா எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பார்.

ஆனால் பெரியப்பா இதைப் படித்ததன் பலன், துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் நீளநீளமாக வசனம் எழுத ஆரம்பித்தார். மாமாவின் விரல் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பம்மல்காரரு வக்கீலு. அப்பறம் ஜட்ஜு. வக்கீலு பேசுவாரு. அர்ச்சுனன் பாடுவான்." அந்த வருஷம் ஒன்றரை மாசம் 'நீங்க'தான்.

மாமாவின் கட்சியையும் சொல்ல வேண்டும். ஆர்மோனியம் இந்த நாட்டில் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் கையால் துருத்தி போடும் பெட்டியை 1875 வாக்கில் செய்து கொடுத்தபிறகு, நாடகக்காரன் கூத்துக்காரன் எல்லோரும் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சங்கீத வித்வான்கள் மட்டும் கமகம் வராத வெள்ளைக்காரப் பெட்டி என்று ஒதுக்கினார்கள். 1940இல் ரேடியோவிலேயே தடை போட்டார்கள். மாமா பத்து வயதில் பெட்டியில் கைவைத்த காலம் அது. "ரேடியோவுல இல்லாத வாத்தியத்த வாசிக்கறவனுக்குக் கூத்துலயும் எடமில்லைன்னா நான் எங்க போறது?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை, பெரியப்பாவிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டிய செய்தியா இல்லையா என்றும் தெரியவில்லை.

படத்துக்கு வருகிறேன். கில்பர்ட்டுக்கும் சல்லிவனுக்கும் நடுவில் கார்ட் என்ற முதலாளி. அவரிடம் ஹெலன் லெனோர் என்று ஒரு காரியதரிசி. இவர்தான் இருவருக்கும் நடுவே தூது. நறுக்கென்று பேசி, யார் மனமும் புண்படாமல், காரியத்தை மட்டும் நகர்த்துவார். இரண்டாவது தடவை அந்த அம்மாள் வந்ததும் மாமா என் தொடையில் தட்டினார்.

"அதோ நீ."

சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சிரிப்பு எனக்கே உறுத்தியது.

நடுவில் ஒரு கத்தி விழுகிறது. ஜப்பான்காரர்களை வைத்து லண்டனில் நடத்திய கண்காட்சிக்குக் கில்பர்ட்டை அவர் மனைவி இழுத்துக்கொண்டு போகிறார். அங்கே வாங்கிய வாள் வீட்டுச் சுவரிலிருந்து தொப்பென்று விழ, மீசைக்காரர் முகத்தில் புதுக்கதை பிறக்கிறது. "இப்ப எழுதிடுவான்" என்றார் மாமா. எங்கள் பெரியப்பாவுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே ராத்திரியில் 'அபிமன்யு சுந்தரி' எழுதி முடித்த கதைமேல் தீராத பொறாமை உண்டு. அவருக்கு ஒரு பாட்டுக்கு ஒரு மாசம் ஆகும்.

அதற்குப்பின் ஒத்திகைக் காட்சிகள். நடிகர்களுக்கு ஒவ்வொரு சொல்லையும் எங்கே அழுத்த வேண்டும் என்று மீசைக்காரர் திருத்துகிறார். கண்காட்சியில் இருந்த ஜப்பான் பெண்களையே கூட்டிவந்து விசிறி பிடித்து நடக்கச் சொல்கிறார். மாமா வெற்றிலையை மறந்துவிட்டார். முன்னால் சாய்ந்து, பல்லில்லாத வாயைத் திறந்தபடி பார்த்தார். பின்பாட்டுக்காரர்களைக் கணக்குப் பண்ணினார். பள்ளத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியக்காரர்களைப் பார்த்து, "எல்லாருக்கும் நாற்காலி போட்டிருக்கான்" என்றார்.

பிறகு அந்த இடம் வந்தது. நாடகம் அரங்கேற ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கிறது. மிகாடோ வேஷம் போட்ட நடிகருக்கு ஒரு பெரிய பாட்டு. அதை வெட்டிவிட்டேன் என்கிறார் கில்பர்ட். நடிகர் வாயடைத்து நிற்கிறார். அழவில்லை, ஆனால் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியவில்லை.

மாமா என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருஷம். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அர்ச்சுனன் தபசு. மாமல்லபுரத்தில் வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அர்ச்சுனன் தபசு என்றால் பாறை. ஏறக்குறைய முப்பது மீட்டர் நீளத்துக்குப் பல்லவர் காலத்துச் சிற்பம், ஒற்றைக்காலில் நிற்கும் முனிவன், அவனைப் போலவே தவம் நிற்கும் கள்ளப் பூனை. அது அர்ச்சுனன் இல்லை, பகீரதன் என்று சொல்கிறவர்களும் உண்டு. எங்களுக்கு அர்ச்சுனன் தபசு என்றால் பனைமரம். கோயில் முன்னால் நட்ட தபசு மரத்தில் படிக்கட்டை அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவார். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரத்துணியோடு கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள்.

அந்த வருஷம் பெரியப்பா தபசுக்குப் புதிதாக ஒரு பாட்டு எழுதியிருந்தார். வனத்தை வர்ணிக்கிற பாட்டு, ஒன்பது சரணம். மாமா அதற்கு மெட்டுப் போட இரண்டு மாசம் எடுத்துக்கொண்டார். கடைசி மூன்று சரணத்துக்கு மூன்று ராகம். அர்ச்சுனன் வேஷம் கட்டிய பையனுக்குச் சாயங்காலம் சாயங்காலம் ஏரிக்கரையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். எனக்கே அந்தப் பாட்டு மனப்பாடம்.

அன்றைக்கு எல்லாம் தாமதம். வெயில் சாய்ந்துவிட்டது. ஈரத்துணியோடு பெண்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பெரியப்பாவிடம் வந்து ஏதோ சொன்னார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். அப்போது அவர்களுக்குள் ஏற்கெனவே ஒரு வாரமாக 'நீங்க' கூட இல்லை. வண்டிக்காசு விஷயமாக ஏதோ பேச்சு. "மாமாகிட்டப் போய்ச் சொல்லு. வனப்பாட்டு இன்னிக்கு இல்ல. நேரா பழம் போடற பாட்டுக்கு வந்துடணும்."

நான் மாமா உட்கார்ந்திருந்த பெஞ்சு வரைக்கும் போனேன். அவர் பெட்டியைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "மூணாவது ராகம் மாறும்போது அவர் மூஞ்சிய பாரு" என்றார். அவர் என்றது பெரியப்பாவை. நான் சொல்லாமல் திரும்பிவிட்டேன். பெரியப்பா "சொல்லிட்டியா?" என்று கண்ணால் கேட்டார். தலையாட்டினேன்.

பையன் பாதி மரம் ஏறியதும் ஆர்மோனியம் வனப்பாட்டை எடுத்தது. அவன் பாட வாய் திறந்தான். கீழே நின்ற பெரியப்பா ஓங்கிய குரலில் பழப்பாட்டைத் தொடங்கினார். அது வேறு ராகம், வேறு தாளம். மிருதங்கம் பெரியப்பா பக்கம் போயிற்று, தாளம் மாமா பக்கம் நின்றது. மரத்தின் நடுவில் அர்ச்சுனன் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். மாமா துருத்தியை அழுத்தி மூடினார். அந்தப் 'புஸ்' என்ற சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும்.

வேனில் திரும்பும்போது பெரியப்பாதான் ஆரம்பித்தார். "எழுதினவன் நான். வெட்டறதும் நான்."

"மெட்டு யாருதுங்க?" என்றார் மாமா.

அந்த 'ங்க' வந்தது வந்ததுதான். பிரியவில்லை, அதுதான் விசித்திரம். அதற்குப்பிறகும் பதின்மூன்று வருஷம் ஒரே ஜமா, ஒரே களரி. கூத்தும் முன்னைவிட நன்றாகவே நடந்ததாக ஊரில் சொல்வார்கள். ஆனால் 'டேய்' வரவில்லை. 1994 மாசியில் பெரியப்பா செத்தபோது மாமா வந்தார், வாய்க்கரிசி போட்டார், பெரியம்மாவிடம் "அவரு போயிட்டாரு, நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார். பதினோரு வருஷத்துக்குப் பின் அந்த மழை ராத்திரியிலும் 'அவரு'தான். "அவருக்கு இந்தப் படம் புடிச்சிருக்கும்", "அவரும் இப்படித்தான் ஒத்திகையில நறநறன்னு பல்லக் கடிப்பாரு."

திரையில் கோரஸ்காரர்கள் கூட்டமாக வந்து கில்பர்ட் முன்னால் நின்றார்கள். அந்தப் பாட்டு இருக்கட்டும், வெட்டாதீர்கள் என்று ஒவ்வொருவராகத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். மீசைக்காரர் கொஞ்சம் நின்று யோசித்து, சரி என்கிறார்.

"கேட்டானுங்க பாத்தியா" என்றார் மாமா. "நம்ம ஜமாவுல எவனும் கேக்கல."

அப்போதுதான் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் சொல்லாததை, டிவியைப் பார்த்தபடியே சொன்னேன். "மாமா, பெரியப்பா அன்னிக்கு என்னை அனுப்பினாரு. பாட்டு இல்லைன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லல."

அவர் பதில் பேசவில்லை. படம் ஓடியது. முதல் நாள் நாடகம், கைதட்டல், தெருவில் தனியாக அலைந்துவிட்டு வரும் கில்பர்ட், படுக்கையறையில் அவர் மனைவி சொல்லும் வினோதமான கதை. கடைசியில் ஒரு நடிகை மேடையில் தனியாக நின்று பாட, கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. முடிந்துவிட்டது. இரண்டு மணி நாற்பது நிமிஷம்.

"இவ்ளோதானா?" என்றார். விடிய விடிய வாசித்தவர். பிறகு, "அப்பறம் என்ன ஆனானுங்க?"

தெரிந்ததைச் சொன்னேன். அஞ்சு வருஷம் கழித்து, 1890இல், தியேட்டருக்கு வாங்கிய கம்பளத்தின் செலவில் தொடங்கிக் கோர்ட்டு வரைக்கும் போனார்கள்.

"ஜமுக்காளத்துக்கா!" அவருக்கு ரொம்பத் திருப்தி. "நம்மளுது வண்டிக்காசு."

சமாதானம் பண்ணி வைத்ததில் அந்த லெனோர் அம்மாளுக்கும் பங்கு உண்டு என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். மெட்டுப் போட்டவருக்கு ராணி 1883லேயே சர் பட்டம் கொடுத்துவிட்டார், எழுதினவருக்கு 1907இல்தான் கிடைத்தது என்றேன். சல்லிவன் 1900இல் போய்விட்டார், கில்பர்ட் அதற்குப்பிறகு பதினோரு வருஷம் இருந்தார்.

"ஆர்மோனியம் முந்திகிச்சா?" விரல்விட்டு ஏதோ எண்ணினார். "நமக்குத் தலைகீழு."

மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் அந்தப் பாட்டை வாசிச்சிருப்பேன்டா" என்றார். "நாலடி. நாலடிதான். எழுந்து வந்து 'டேய், இன்னிக்கு வேணாம்'னா விட்டிருக்க மாட்டனா? உன்னை அனுப்பறான் பாரு. எழுதத் தெரிஞ்சவன். ஒன்பது சரணத்தையும் ஒரு சொல்லு கொறை இல்லாம எழுதத் தெரிஞ்சவன் அவன்."

நான் தட்டை வெளியே எடுக்க எழுந்தேன்.

"இரு. கடைசியா அந்தப் பொம்பள பாடிச்சே, அதை மட்டும் போடு. அஞ்சா, அஞ்சரையான்னு பாக்கணும்."

போட்டேன். ரிசப்ஷன் மேஜை விளிம்பில் இடது கை துருத்தி போட, வலது கை விரல்கள் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தன.